ஆயிரத்துக்குக் கீழே

ஜூன் 9, ஞாயிறு

பதினோராவது கடிதமும் வந்துவிட்டது. இந்த முறை ஒரு பால்பவுடர் ஆலையின் லேப். "உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி. ஆனால் உள்ளூர் அனுபவம் உள்ள ஒருவரை..." மிச்சத்தைப் படிக்கவில்லை. எல்லா ஆலைக்காரர்களும் ஒரே ஆளிடம் சொல்லி எழுதி வாங்குகிறார்களோ என்னவோ.

ஆத்தூரில் குளுக்கோஸ் ஆலை லேபில் இருபத்திரண்டு வருஷம் கெமிஸ்டாக இருந்தவள் நான். மரவள்ளி மாவு உள்ளே போய்ச் சர்க்கரைப் பாகாக வெளியே வரும்வரை ஒவ்வொரு தொட்டியும் என்னைக் கேட்டுத்தான் நகரும். நியூசிலாந்துக்கு வந்த இந்த நாலு வருஷமாக முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு துவைக்கிறேன். துவைப்பது கேவலம் இல்லை. ஆனால் கோபம் வருகிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மத்தியானம் கராஜைப் பெருக்கும்போது என் வீட்டுக்காரரின் பீர் வாளி காலில் இடித்தது. இந்த ஊரில் வீட்டிலேயே பீர் செய்து குடிக்கலாம், சட்டம் தடுக்காது. நல்லதம்பி நல்ல வெல்டர்; பீர்தான் வரவில்லை. அவர் செய்வது பாயசம். குடித்தால் உதடு ஒட்டும் என்று அவரே சொல்வார். நான் குடிப்பதில்லை, சொன்னதை எழுதுகிறேன்.

வாளியில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீரில் அது 1000 காட்டும்; சர்க்கரை கூடக்கூட எண் ஏறும். இவர் பீர் 1016-இல் நின்றிருந்தது. மாவுச்சத்து பாதி உடைந்து கிடக்கிறது. அதைத் தின்ன ஈஸ்டுக்குப் பல் இல்லை. சிறு துண்டாக நறுக்கிக்கொடுக்க ஓர் என்சைம் வேண்டும், அவ்வளவுதான். எந்த என்சைம், எத்தனை சொட்டு என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"பீர் கிளப் டெரெக் இருக்கான்ல புள்ள, சொந்தமா பீர் ஆலை வெச்சிருக்கானே, அவன் லேபுக்கு ஆள் தேடுறானாம்" என்றார் இவர்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"பீர் ஆலைன்னா நீ வையுவேன்னு நெனச்சேன்."

வைதேன், முன்னாடியே சொல்லாததற்கு.

ஜூன் 13, வியாழன்

வீட்டில் பீர் செய்பவர்கள் கூடும் அந்தக் கிளப்புக்குப் போனேன். பதினைந்து ஆண்கள், ஒரு நாய், நான். எல்லாரும் என்னை நல்லதம்பியைக் கூட்டிப்போக வந்தவள் என்று நினைத்தார்கள்.

டெரெக் அறுபது வயதுக்காரர், சிவந்த முகம், கிளப்பின் தலைவரும் அவரே. என் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தேன். என்சைம் விட்டு இனிப்பில்லாத பீர், இவர்கள் பாஷையில் டிரை பீர், செய்யத் தெரியும் என்றேன். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "என்சைம் விடுவது பீர் செய்வதல்ல, மருந்துக்கடை வேலை. நல்ல கைக்காரன் மாவை ஊறவைக்கும் சூட்டை வைத்தே பீரின் இனிப்பைப் போக்குவான். என்சைம் விடுவது ஏமாற்று."

நான் கிளப்பின் போட்டி விதித்தாளை வாங்கி அங்கேயே மூன்று தரம் படித்தேன். என்சைம் என்ற சொல்லே அதில் இல்லை. அதைச் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு நின்றது. செப்டம்பர் 21 போட்டிக்கு ஒரு பீர் கொண்டுவா, கூடவே உன் அளவுக் குறிப்புகளையும் கொண்டுவா, அதைப் பார்த்துவிட்டு லேப் வேலை பற்றிப் பேசுவோம் என்றார். என் பெயர் வாயில் வராமல் "செங்கா" என்றார். செங்கமலம் என்று திருத்தினேன். நாலு தரம் திருத்தினேன்.

ஜூன் 16, ஞாயிறு

காலை முழுக்கச் சமையலறை என் வசம். இவரை இட்லியோடு முன்னறைக்கு அனுப்பிவிட்டேன்.

முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லி, அதாவது மால்ட், நாலு கிலோ, ஜவ்வரிசி ஒரு கிலோ. இந்தியக் கடையில் வாங்கிய ஜவ்வரிசிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் சேலம் மாவட்டம் என்று போட்டிருக்கிறது. நீயும் இங்கே வந்துதான் வேலை தேடுகிறாயா என்று கேட்டேன். அதைக் கஞ்சியாகக் காய்ச்சி மால்ட்டோடு சேர்த்து, 64 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு அயோடின். மாவு மிச்சம் இருந்தால் கருநீலம் ஆகும். ஆகவில்லை. நாலு வருஷம் கழித்து ஒரு தட்டின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமில்லை, அழுகை வந்தது.

பிறகு ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்டும் என்சைமும் சேர்த்தேன். ஆரம்பம் 1044. ஜூன் இங்கே குளிர்காலம்; வாளியைக் கம்பளியில் சுற்றிக் கராஜில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

வாளி மூச்சு விடுகிறது. விரிப்பு துவைத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

1000!

வெள்ளிக்கிழமையும் 1000, இன்றும் 1000. தண்ணீரும் இதுவும் ஒன்று. இதற்குக் கீழே போக ஒன்றுமில்லை. சர்க்கரை பூஜ்யம் என்றால் பூஜ்யம். இவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இதுதான் புள்ள பீரு!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். நாக்கில் ஒட்டவே இல்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு மெல்லிய கசப்பு மட்டும் நின்று போகிறது. (இவர் சொன்னது.)

நுரைக்காக ஒவ்வொரு பாட்டிலிலும் அரைக்கரண்டிச் சர்க்கரை போட்டு மூடினேன். நாற்பது பாட்டில். சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில், துண்டுகளுக்குக் கீழே அடுக்கிவிட்டேன். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான்.

ஜூலை 7, ஞாயிறு

செப்டம்பர் வரை யார் காத்திருப்பது? டெரெக் ஆலைக்குப் போய் இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். குடித்துப் பார்த்துவிட்டு ஏமாற்றா இல்லையா என்று சொல்லட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குச் சுகுணா அக்கா வந்தார். ஈரோட்டுக்காரர், இந்த ஊர்த் தமிழ்ச் சங்கச் செயலாளர். ஆடிப் பதினெட்டுக்குச் சங்கத்தில் கூழ் ஊற்றுவோம், மூன்று வருஷமாக நான்தான் காய்ச்சுகிறேன், அதைப் பற்றிப் பேச வந்தார். காபி கொடுத்து உட்காரவைத்தேன். அலமாரிப் பக்கம் "டப்" என்று ஒரு சத்தம். அடுத்து வரிசையாக நாலு. இவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். திறந்த நேரம் இன்னொன்று வெடித்தது.

இவருக்கு வலது உள்ளங்கையில் கண்ணாடி கிழித்தது. நாலு தையல்.

சுகுணா அக்கா தன் சேலைத் தலைப்பால் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காரில் வந்தார். மருத்துவமனையில் நர்ஸ் கேட்டதற்கு இவர் கண்ணாடி டம்ளர் உடைந்தது என்றார். இல்லை, நான் செய்த பீர் வெடித்தது என்று நான் சொன்னேன். சுகுணா அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அதுவரை அவருக்கு அது என்ன பாட்டில் என்று தெரியாது.

அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே டெரெக்குக்குப் போன் செய்தேன். செய்யாமல் இருந்திருந்தால் அந்த வேலைக்கு இன்னும் வழி இருந்திருக்கும். "நான் கொடுத்த ரெண்டு பாட்டிலும் வெடிக்கலாம். கையால் தொடாதீர்கள், மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து மூடுங்கள்" என்றேன். குளிரறையில்தான் வைத்திருக்கிறாராம். "இதற்குத்தான் என்சைம் வேண்டாம் என்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நன்றி என்று ஒரு சொல் இவர்கள் பாஷையில் உண்டு, கடைகளில் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

சுகுணா அக்கா போன். "தப்பா எடுத்துக்காத கண்ணு. சாராயம் காய்ச்சுற கையில அம்மனுக்குக் கூழ் வேண்டாம்னு ரெண்டு மூணு பேரு சொல்லிப்போட்டாங்க. இந்த வருஷம் நானே காய்ச்சிக்கிறேன்."

"கூழும் புளிக்க வெக்கிறதுதானுங்க அக்கா" என்றேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

புளிப்பு புளிப்புதான். அம்மனிடம் யார் கேட்டார்கள்?

ஜூலை 18, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

தப்பிய பாட்டில் ஒன்றைத் தோட்டத்தில் கையுறையோடு மெதுவாகத் திறந்து, நுரை அடங்கும்வரை வைத்திருந்து அளந்தேன். 997. ஹைட்ரோமீட்டர் கெட்டுவிட்டது என்று தண்ணீரில் விட்டேன். 1000. மறுபடி பீரில். 997.

தண்ணீருக்குக் கீழே! பீரில் இருப்பது தண்ணீர் மட்டுமில்லையே, ஆல்கஹாலும்தானே. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே எண் 1000 காட்டும். கராஜ் குளிரில் என்சைம் சோம்பிக் கிடந்ததை நான் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். அலமாரிச் சூட்டில் அது எழுந்து வேலையைத் தொடர்ந்தது, ஈஸ்டும் சேர்ந்து அந்தச் சர்க்கரையைத் தின்று காற்று விட்டது, பாட்டிலுக்குள் காற்றுக்குப் போக இடமில்லை. இருபத்திரண்டு வருஷம் குளுக்கோஸ் தொட்டியையே பார்த்தவளுக்குப் பூஜ்யம்தான் தரை. வேலை முடிந்ததும் அங்கே நீராவி விட்டு என்சைமைக் கொன்றுவிடுவோம். அது உயிரோடு இருந்தால் என்ன செய்யும் என்று நான் பார்த்ததே இல்லை.

இவரிடம் சொன்னேன். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "அந்த மூணு நம்பருக்கா இது?" என்றார்.

"தப்பு என் மேலதாங்க."

"உன்னையே பழி சொல்லிட்டு இருக்காத. உனக்கென்ன பீர் ஆலையிலயா வேலை பாத்த பழக்கம்? அங்க மட்டும் என்ன, நீ பாத்துப் பாத்து அளந்தே, பரமேஸ்வரன் கையெழுத்துப் போட்டான்."

அந்தப் பேச்சு இந்த நோட்டில் வேண்டாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. போகாமல் இருப்பேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்று கூழ் வாங்கி, நின்றபடியே குடித்தேன்.

"எப்படி இருக்குது?" என்றார் சுகுணா அக்கா, கேட்டிருக்க வேண்டாம்.

"இன்னொரு நாள் புளிக்க விட்டிருக்கணுங்க அக்கா. குளிர்காலம், மாவு மெதுவாத்தான் பொங்கும். அடுப்புப் பக்கம் வெச்சிருக்கலாம்" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அக்கா அடுத்தவருக்குக் கூழ் ஊற்றத் திரும்பிவிட்டார். ஆனால் நான் கிளம்பும்போது அக்கா வந்து இவர் கையைப் பிடித்துத் தையல் பிரித்த இடத்தைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாவது தடவை. அதே மால்ட், அதே ஜவ்வரிசி, அதே என்சைம். சூட்டை வைத்தே செய்து காட்டி டெரெக்கிடம் நல்ல பெயர் வாங்கலாமே என்றார் இவர். மாட்டேன். என்சைம் தப்பு செய்யவில்லை, நான்தான் செய்தேன். இந்தத் தடவை வாளியே அலமாரியில். துண்டெல்லாம் வெளியே.

ஆகஸ்ட் 29, வியாழன்

996. ஒன்பது நாளாக அதே 996. இதில் இனித் தின்ன ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி மூடி, தொட்டியின் மேலேயே வைத்து அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன். இறுகவில்லை.

இவர் வேலைக்குப் போயிருந்தார். வாளியில் மாதிரி எடுத்த டம்ளரைக் கழுவும்முன்... முதல் தடவையைவிடச் சுத்தமாக இருக்கிறது. கடைசியில் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு வாசனை. எழுதி வைத்துக்கொள்கிறேன், போட்டிப் படிவத்தில் கேட்பார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போன ஞாயிறு இந்த ஊரில் அப்பா நாள் என்று கொண்டாடினார்களாம். அதில் யாரோ இவருக்குக் கொடுத்த டெரெக் ஆலை பீர் ஆறு பாட்டில். "டிரை" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஒரு வாரமாகத் தொட்டி அலமாரிப் பக்கம் கிடந்ததில் ஒன்றைத் திறந்தார். நுரை கூரையில் அடித்தது.

நான் அசையாமல் நின்றேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று மதியம் ஜவ்வரிசிக் கஞ்சியைத் தண்ணீர் மாதிரி காய்ச்சி மூன்று டம்ளரில் ஊற்றினேன். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் வேறொரு கம்பெனி பீர், ஒன்றில் டெரெக்கின் பீர் கலந்து, மூடி, தொட்டியின் மேல் வைத்தேன். இன்று காலை மூன்றிலும் அயோடின்.

நீலம். நீலம். மூன்றாவதில் நீலமே இல்லை.

கஞ்சியை ஏதோ தின்றிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் யார் என்று தெரிந்துவிட்டது. அது மட்டுமில்லை, அவரும் முடியும் முன்பே மூடியிருக்கிறார். என்னுடைய அதே தப்பு. ஆனால் என்னுடையது நாற்பது பாட்டில். அவருடையது ஊர் முழுக்க.

மத்தியானம் ஆலைக்குப் போன் செய்தேன். டெரெக் போனுக்கு வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன், ஒரு பெண் குறித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

மறுபடி போன். "சொல்லியாயிற்று" என்றாள் அந்தப் பெண். கடையில் பாட்டில்கள் அப்படியே இருக்கின்றன.

செப்டம்பர் 21, சனி

போட்டி. படிவத்தில் "என்சைம் சேர்த்தது" என்று நானே பெரிதாக எழுதியிருந்தேன். என் பாட்டிலுக்கு மதிப்பெண் போடாமல் ஓரமாக வைத்தார்கள். டெரெக் மேடையில், "கிளப் என்றால் கைத்திறன். இங்கே ஒருவர் பாட்டிலில் வாங்கிய திறனைக் கொண்டு வந்திருக்கிறார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாய்கூட வாலை ஆட்டியது.

மூன்று டம்ளரை நேற்று மாலையே கலந்து பையில் கொண்டுபோயிருந்தேன். காட்ட வேண்டி வராது என்றுதான் நினைத்தேன். எழுந்து முன்னால் போய் மேஜையில் வைத்தேன். எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருந்ததைப் படித்தேன். அயோடின் விட்டேன். நீலம், நீலம், வெறும் தேநீர் நிறம்.

"மூன்றாவதில் இருப்பது உங்கள் பீர். உயிரோடு என்சைம் இருக்கிறது. என்சைம் விட்டதை நான் குற்றம் சொல்லவில்லை, நானும்தான் விட்டேன். ஆனால் நான் எழுதிக் காட்டினேன். உங்களுடையது இன்னும் முடியவில்லை, பாட்டிலுக்குள் வேலை நடக்கிறது. எடுத்துவிடுங்கள்" என்றேன்.  அயோடின் புட்டியை மூடிப் பையில் போட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. டெரெக் திங்கட்கிழமை ஆலைக்கு வரச் சொன்னார்.

செப்டம்பர் 23, திங்கள்

அவர் அறை. கதவைச் சாத்தினார். லேபுக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பையனைப் பேசி வைத்திருக்கிறாராம். எனக்குப் பாட்டில் அடைக்கும் பகுதியில் இடம் தருகிறாராம், ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாமாம். இதை வெளியே பேச வேண்டாமாம்.

"ரெண்டும் வேறு வேறு. வேலை தந்தாலும் தராவிட்டாலும் அந்த பீரை எடுங்கள்" என்றேன். தன்னுடைய பாட்டில் கனமானது, வெடிக்காது என்றார். என் வீட்டுக்காரர் உள்ளங்கைப் படத்தைப் போனில் காட்டினேன். "பாட்டில் அடைக்க வரமாட்டேன். எனக்கு வேண்டியது லேப்."

அளவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கீழே "பரிசோதித்தவர்" என்று போட்டு, அவர் முன்னாலேயே தமிழில் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

சரி, இப்போது எழுதுகிறேன். ஆத்தூரில் நான் கெமிஸ்ட் இல்லை. லேப் உதவியாள். கெமிஸ்ட் பரமேஸ்வரன், முதலாளியின் தங்கை மகன், பாதி நாள் வரமாட்டார். இருபத்திரண்டு வருஷம் நான் அளந்த ஒவ்வொரு எண்ணின் கீழேயும் அவர் பெயர். இன்று போட்டதுதான் என் முதல் கையெழுத்து.

செப்டம்பர் 28, சனி

கடையில் அந்த பீர் இருந்த தட்டு காலி. அங்கே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: "எங்கள் லேபின் வழக்கமான பரிசோதனையில் பாட்டிலில் அழுத்தம் கூடுதலாக இருப்பது தெரியவந்ததால் திரும்பப் பெறுகிறோம்."

எங்கள் லேபாம். வழக்கமான பரிசோதனையாம்.

எடுத்துவிட்டார், நிம்மதி. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அறிவிப்பின் அடியில் "பரிசோதித்தவர்: செங்கமலம்" என்று தமிழில் எழுதினேன். காய்கறி நிறைந்த கடைத் தள்ளுவண்டியோடு சுகுணா அக்கா பின்னால் நின்றிருந்ததைத் திரும்பும்போதுதான் பார்த்தேன். "என்ன கண்ணு இது?" என்றார். சொன்னேன். "உம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 1, செவ்வாய்

டெரெக் போன் செய்தார். ஊரில் உள்ள ஒன்பது கடையிலும் அவருடைய அறிவிப்பின் கீழே ஏதோ ஒரு பாஷையில் ஒரே வரி எழுதியிருக்கிறதாம். கடைக்காரர்கள் படம் எடுத்து அனுப்பி என்ன அர்த்தம் என்று கேட்கிறார்களாம். நான் கொடுத்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாராம்.

"ஒரு கடையில்தான் நான் எழுதினேன்" என்றேன். அது உண்மை.

 அப்புறம், அந்தத் தாளில் உள்ளதை அந்தப் பையனிடம் காட்டினேன், அவனுக்குப் பாதி புரியவில்லை என்றார். அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு வர முடியுமா என்றார். எந்தப் பகுதிக்கு என்று கேட்டேன். லேபுக்கு என்றார். இனிப் பரிசோதனைத் தாளில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டேன்.

"செங்கமலம்" என்றார். ஒழுங்காகச் சொன்னார்.

சாயங்காலம் சுகுணா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர், அவர் மருமகள், கூழுக்கு என்னை வேண்டாம் என்ற அந்த இரண்டு மூன்று பேர், எல்லாரும் ஆளுக்கு இரண்டு கடை பிரித்துக்கொண்டு அதே வரியை எழுதினார்களாம்.

"ஏனுங்க அக்கா?" என்றேன். கண் நிறைந்துவிட்டது.

"நீ சாராயம் காய்ச்சுறது தப்புதான், அதை இப்பவும் சொல்லுவேன்" என்றார் அக்கா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே. "அதுக்காக ஒருத்தன் உன் பேரை முழுங்கினா நாங்க பாத்துட்டு நிக்கோணுமா?"